வேலை சறுக்கினால் முதலில் ஆளைப் பார்ப்பதா, இடத்தைப் பார்ப்பதா?

கேள்வி கேட்ட தம்பி மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கிறார். அவருடையது இறுதிச் சோதனைப் பிரிவு. சர்க்யூட் பலகைகளைப் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வைத்துப் பார்த்து, பழுதானதை ஒதுக்க வேண்டும். இரவு ஷிஃப்டில் பழுது கண்ணில் படாமல் தப்பிப் போவது கூடிவிட்டது. மேலிடம் "எல்லாம் மனப்போக்குதான்" என்கிறது. மூன்று பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் தயார். கேமராவும் வரப்போகிறது. "வெளிச்சம் போதவில்லை, குளிர்கிறது, நாற்காலி சரியில்லை என்று அவர்கள் சொல்வது உண்மையான காரணமா, சாக்கா? மனிதக் காரணிகள் என்று பயிற்சியில் சொன்னார்களே, அது என்ன? நான் எங்கிருந்து தொடங்குவது?" இதுதான் அவர் கேட்டது.

தம்பி, முதலில் அந்தக் கடிதங்களை நிறுத்தி வையுங்கள். பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையில் பிறை என்ற ஊரிலுமாக 25 வருஷம் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். நிறுத்தச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தொழிற்சாலையில் உங்களுடையதைப் போன்ற பிரிவில் ஓர் அக்கா இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் மேசையிலிருந்து போகும் பலகைகளில்தான் அதிகப் பழுது தப்பிக்கொண்டிருந்தது. அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றலாம் என்ற பரிந்துரையில் நானும் கையெழுத்துப் போட்டேன். மாற்றினால் அவருக்குச் சோதனைப் பிரிவின் அலவன்ஸ் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்ட இரண்டு நாளில் ஏதோ உறுத்தியது. இரவு ஷிஃப்டுக்குப் போய், அவர் சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் திரும்பி வந்த பிறகும், "இன்னும் கொஞ்சம் இருக்கேன்கா" என்று சொல்லி ஒரு மணி நேரம் பலகை பார்த்தேன்.

தலைக்கு நேர் மேலே ஏர்கோன் துளை. பத்து நிமிஷத்தில் கழுத்துப் பின்புறம் இறுகிவிட்டது. அவர் தோளில் எப்போதும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. ஸ்டூலின் கால் வளையம் உயரம் குறைந்தவர்களுக்கு எட்டவே எட்டாது. கால் தொங்கிக்கொண்டே இருந்தால் தொடையில் ரத்த ஓட்டம் தடைபட்டு, மரத்துப் போகும். மேசைக்கு மேலே இருந்த இரண்டு டியூப் லைட்டில் ஒன்று எரியவில்லை. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்தேன். பக்கத்து மேசையில் காட்டியதில் பாதிகூட இல்லை. போதாததற்கு, பூதக்கண்ணாடியைச் சுற்றியிருந்த வளைய விளக்கின் ஒளி, பாகங்களைப் பலகையோடு இணைக்கும் ஈயப் பற்றுகளில் பட்டுத் தெறித்து நேரே கண்ணில் அடித்தது. அந்தக் காலத்து ஈயப் பற்றில் பழுதானது மங்கலாக இருக்கும், நல்லது பளபளக்கும். அந்தத் தெறிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன.

ஆக, மாற்ற வேண்டியது அக்காவை அல்ல. பரிந்துரையைத் திரும்ப வாங்கினேன். டியூபை மாற்றி, வளைய விளக்கைக் கொஞ்சம் சாய்த்து, காலுக்கு ஒரு பலகைப் படி போட்டு, காற்றுத் துளைக்கு ஒரு தடுப்பு வைத்தோம். அவர் அந்த மேசையிலேயே ஓய்வு பெறும்வரை இருந்தார்.

"ஏன்கா ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா வயசாயிட்டுன்னு அனுப்பிடுவாங்க தம்பி. இல்லாட்டி வாய் பேசுறான்னு சொல்வாங்க" என்றார். இந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

சரி, மனிதக் காரணிகள் என்றால் என்ன? பயிற்சி வகுப்பில் பெரும்பாலும் 'மனிதர் செய்யும் தவறுகள்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தத் துறை பிறந்ததே, மனிதர்மேல் போட்ட பழியைக் கேள்வி கேட்டுத்தான். இரண்டாம் உலகப் போரின்போது பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் நல்லபடியாகத் தரையிறங்கி ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போது, இறக்கை மடலை (தரையிறங்கும்போது கீழே இறக்கும் தகட்டை) உயர்த்துவதற்குப் பதிலாக விமானி சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தேயத் தரையில் விழும். அறிக்கையில் 'விமானி தவறு' என்று எழுதுவார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு வேலைக்குமான விசைகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி வடிவத்தில் இருந்தன. களைத்துப் போன கை எதைத் தொடுகிறது என்று அதற்கே தெரியாது. சக்கர விசையில் ஒரு சிறு ரப்பர் சக்கரத்தையும் மடல் விசையில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டையும் பொருத்தச் சொன்னார். தொட்டாலே வித்தியாசம் தெரிந்தது. அந்த வகை விபத்து நின்றது. பிறகு 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இப்படி 'விமானி தவறு' என்று சொல்லப்பட்ட 460 அனுபவங்களைச் சேகரித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதி, ஒரு விசையை இன்னொன்றாக எடுத்துக்கொண்டதால் நடந்திருந்தது.

மனிதக் காரணிகள் என்பது இதுதான். மனிதரின் கண், கை, நினைவு, தூக்கம், பயம் எல்லாம் எப்படி இருக்கின்றனவோ அப்படியே ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப வேலையை அமைப்பது. பொருள்கள் ஒரு பக்கம், மனிதர்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. விளக்கு ஒரு பொருள்தான். ஆனால் அது 25 வயதுக் கண்ணுக்குப் போதும், 55 வயதுக் கண்ணுக்குப் போதாது. 60 வயதானவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது, கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் வந்து மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்தார்கள். அந்த வயதுக் கண்ணுக்குப் போட்ட வெளிச்சத்தையே இன்றைக்கும் எல்லாருக்கும் போதும் என்று நினைத்தால் எப்படி?

உங்கள் பிரிவுக்கு நேரடியாகப் பொருந்துவது இன்னொரு கண்டுபிடிப்பு. பிரிட்டனில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் ரேடார் பணியாளர்கள் நேரம் ஆக ஆகத் திரையில் தெரியும் புள்ளியைத் தவறவிடுவது ஏன் என்று நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்தார். கடிகாரம் போன்ற ஒரு தட்டில் ஒரு முள் ஒவ்வொரு படியாக நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டைப் படி தாவும். அந்தத் தாவலைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரச் சோதனை. முதல் அரை மணி நேரம் கழிந்ததுமே தவறவிடுவது கூடிவிட்டது. பங்கெடுத்தவர்கள் இளைஞர்கள், திடகாத்திரமானவர்கள். 1948இல் வெளியான இந்த முடிவை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வேறு வேறு விதத்தில் சோதித்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். அரிதாக வரும் ஒன்றைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்கு இயல்பானதல்ல. உங்கள் ஆட்கள் செய்வது அச்சு அசலாக அதே வேலை. நூற்றுக்கணக்கான நல்ல பலகைகளுக்கு நடுவே எப்போதோ ஒரு பழுது வரும்.

மேக்வொர்த் இன்னொன்றையும் பார்த்தார். நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பில் "இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்யுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னாலே கவனம் திரும்ப வந்தது. சரியாகச் சொன்னீர்கள், இதைத் தவறவிட்டீர்கள் என்று உடனுக்குடன் தெரியப்படுத்தியபோது சரிவு பெரும்பாலும் வரவே இல்லை. உங்கள் இடத்தில் என்ன நடக்கிறது? தப்பிய பழுது, வாடிக்கையாளர் புகாராகச் சில வாரம் கழித்துத் திரும்பி வருகிறது. எந்த மேசை, எந்தப் பற்று என்று பார்த்தவருக்குத் தெரியாது, கடிதம் மட்டும் கிடைக்கும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்களை வேறு வேலைக்குச் சுழற்றுங்கள். தெரிந்தே சில பழுதான பலகைகளைக் கலந்துவிட்டு, கண்டுபிடித்ததா தவறியதா என்று அப்போதே சொல்லுங்கள். தண்டனைக்காக அல்ல என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். இதற்கு மேலிடத்தில் பணம் கேட்க வேண்டியதில்லை.

இரவு ஷிஃப்ட் தனிக் கதை. விடிகாலை 3 மணியிலிருந்து 5 மணிவரை உடல் வெப்பம் தாழ்ந்து, உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும். மன உறுதியால் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம், வெல்ல முடியாது. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து 1979இல் விடிகாலை 4 மணிக்குத் தொடங்கியது. செர்னோபில் உலை 1986இல் வெடித்தது இரவு 1:23க்கு. இரண்டிலும் வேறு பெரிய காரணங்கள் உண்டு, தூக்கம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் பழுதுக் கணக்கை மணி வாரியாகப் பிரித்துப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நாள் கணக்கில் பார்த்தால் 'யார்' என்ற பெயர் தெரியும், மணிக் கணக்கில் பார்த்தால் 'எப்போது' என்று தெரியும். விடிகாலையில் கூடுகிறது என்றால், கடினமான பலகைகளை முன்னிரவுக்கு மாற்றுங்கள், அந்த நேரத்தில் ஒரு கூடுதல் இடைவேளை கொடுங்கள். தொடர்ந்து 5 மணி நேரம் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிஷ ஓய்வு தர வேண்டும் என்பது வேலைவாய்ப்புச் சட்டம் சொல்வது. அது சட்டத்தின் கீழ்வரம்புதான், கண்ணுக்கு வேண்டிய ஓய்வு அதைவிட அடிக்கடி வேண்டும்.

ஷிஃப்ட் முடிந்த பிறகும் களைப்பு முடிவதில்லை. உங்கள் ஆட்களில் எத்தனை பேர் காலை 7 மணிக்கு மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில் பட்டர்வர்த், சிம்பாங் அம்பாட் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் லாரி உரசிப் போகும் பாலத்தில், பக்கக் காற்றில், கண் சொக்கிக்கொண்டு போகிறார்கள். வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு உண்டு. ஆனால் விபத்து நடக்காமல் இருப்பதல்லவா நமக்கு வேண்டும்? தொழிற்சாலை பஸ் ஏற்பாட்டைச் செலவுக் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள்.

குளிருக்கு வருவோம். நம் ஊரில் வெளியே 32 டிகிரி, உள்ளே சுவெட்டர். தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபியின் 2010ஆம் ஆண்டு உட்புறக் காற்றுத் தர நடைமுறைக் கோவை, ஏர்கோன் உள்ள இடங்களுக்கு 23 முதல் 26 டிகிரிவரை, ஈரப்பதம் 40 முதல் 70 சதவீதம், காற்றோட்டம் வினாடிக்கு 0.15 முதல் 0.50 மீட்டர் என்று சொல்கிறது. அந்தக் கடைசி எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அறையின் வெப்பமானியில் 24 காட்டும், துளைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் நடுங்கிக்கொண்டிருப்பார். விரல் குளிர்ந்தால் நுண்ணிய வேலை தடுமாறும். எல்லாருக்கும் ஒரே அளவும் ஒத்துவராது. பெர்லினில் 543 மாணவர்களை 16 முதல் 33 டிகிரிவரை வெவ்வேறு வெப்பத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்ன ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. வெப்பம் கூடக் கூடப் பெண்கள் நன்றாகச் செய்தார்கள், ஆண்களுக்குச் சற்றே குறைந்தது. சோதனை மேசைகளில் உட்காருவது பெரும்பாலும் பெண்கள், ஏர்கோன் பொத்தான் பெரும்பாலும் ஆண்கள் கையில்.

இதற்கு நேர்மாறான கஷ்டம் வேறு இடங்களில் இருக்கிறது. பிறையில் உலோக வார்ப்புக் கூடங்களிலும், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டுச் சமையலறைகளிலும் வேலை செய்கிற நம் ஆட்களை நினைத்தால் மனம் வலிக்கும். ஈரப்பதம் கூடினால் வியர்வை ஆவியாகாது, உடம்பு தணியாது. வெப்பத்தில் முதலில் போவது கைவலு அல்ல, முடிவெடுக்கும் புத்தி. 2024 ஜூன் 1 முதல் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் வந்துவிட்டது. வீட்டுப் பணி, ஆயுதப் படை, கப்பல் போன்றவைதான் விலக்கு. ஆகவே அந்தச் சமையலறைகளும் அதில் அடக்கம். 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும் என்பது பல கடைக்காரர்களுக்கு இன்னும் தெரியாது.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. 8 மணி நேர வேலை நாளுக்கான வரம்பு 85 டெசிபல். 3 டெசிபல் கூடினால் அனுமதிக்கும் நேரம் பாதியாகும், அதாவது 88க்கு 4 மணி நேரம். கருவி இல்லையென்றால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அளக்கச் சொல்லுங்கள். அலுவலகத்தில் பிரச்சினை வேறு. அங்கே சத்தத்தின் அளவைவிட, காதில் விழும் பேச்சு புரிவதுதான் தொல்லை. பக்கத்து மேசையின் போன் பேச்சு புரிந்தால், நம் கணக்கு நழுவிவிடும்.

இப்போது உங்கள் மேலாளர் சொல்லக்கூடிய ஒன்றுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஹாதோர்ன் ஆய்வில் வெளிச்சத்தைக் குறைத்தாலும் உற்பத்தி கூடியதே, ஆகவே இடம் முக்கியமில்லை, கவனிப்புதான் முக்கியம்" என்பார்கள். 1924இல் சிகாகோ பக்கத்தில் ஹாதோர்ன் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் தொடங்கிய ஆய்வு அது. அந்த வெளிச்சச் சோதனையின் பழைய தரவுகளைத் தேடி எடுத்து மறுபடி ஆராய்ந்து 2011இல் வெளியிட்டபோது, சொல்லப்பட்ட அதிசயம் அதில் அப்படி இல்லை. பிறகு தனி அறையில் சில பெண்களை வைத்து நடந்த புகழ்பெற்ற சோதனையில், ஓய்வு நேரமும் மாறியது, கூலி கணக்கிடும் முறையும் மாறியது. அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று இரண்டு பெண்களை நடுவில் மாற்றியும்விட்டார்கள். கனிவால் மட்டும் உற்பத்தி கூடியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கனிவாகப் பேசிவிட்டு எரியாத டியூபை அப்படியே விட்டால் கண் தெரிந்துவிடாது.

அதே சமயம், எல்லா டியூபையும் மாற்றிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ராபர்ட் கராசெக் 1979இல் காட்டியது இதற்கு உதவும். வேலைப் பளு மட்டும் ஆளை உடைப்பதில்லை. பளுவும் அதிகம், தன் வேலையைத் தானே கொஞ்சமும் தீர்மானிக்க முடியாது என்ற நிலைதான் உடைக்கிறது. தன் விளக்கைத் தானே சாய்க்க முடிந்தால், கண் வலித்தால் இரண்டு நிமிஷம் தானே நிறுத்த முடிந்தால், அதே பளுவைத் தாங்கிக்கொள்வார்கள். கழிப்பறைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டிய இடத்தில் எவ்வளவு நல்ல நாற்காலி போட்டாலும் பயனில்லை.

இங்கேதான் அந்த அக்காவின் பதில் வருகிறது. தோட்டத்தில் கங்காணி முன்னால் வாய் திறக்காமல் வளர்ந்த தலைமுறை அவர். இன்றைக்கு உங்கள் வரிசையில் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். மொழி தெரியாது, வேலை பெர்மிட் முதலாளி கையில். அவர்களும் சொல்ல மாட்டார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களைப் பார்த்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தால் உங்கள் பிரிவிலும் பதிவாகும் தவறுகளின் எண்ணிக்கை குறையும். சந்தேகமான பலகைகளை யாரும் உங்களிடம் காட்ட மாட்டார்கள், அதனால் குறையும்.

வாய் சொல்லாததை இடம் சொல்லும். நாளை இரவு நீங்கள் போய் அட்டைகளைத் தேடுங்கள். ஏர்கோன் துளையில் டேப் போட்டு ஒட்டிய அட்டை, ஸ்டூலில் கட்டிய தலையணை, காலுக்கடியில் கவிழ்த்த பெட்டி, விளக்கின் ஒரு பக்கத்தை மறைத்த காகிதம். இவை ஒவ்வொன்றும் ஒரு தொழிலாளி எழுத்தில் கொடுக்காத விண்ணப்பம். பல இடங்களில் தணிக்கை வருகிறது என்றதும் முதலில் இவற்றைத்தான் பிய்த்துப் போடுவார்கள். நீங்கள் பிய்க்காதீர்கள். படம் எடுத்து, "இது எதுக்கு வெச்சீங்க?" என்று கேளுங்கள். "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒன்னுமில்லை சார்" என்பார்கள். அட்டையைக் காட்டிக் கேட்டால் பேசுவார்கள். மொழி தெரியாதவர்கூட கையால் காட்டிச் சொல்வார்.

அப்புறம் அந்த மூன்று பேரின் ஸ்டூலிலும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பகலில் அல்ல, விடிகாலை 3 மணிக்கு மேல். லக்ஸ் மீட்டரைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 40 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருப்பார்கள். கண்டதை அந்தக் குழுவில் வைத்தால் அது கூட்டக் குறிப்பில் ஏறும், உங்கள் தனிப் புகாராக இருக்காது. கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள், முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். முதல் தடவை பதில் வராவிட்டால் இரண்டாம் தடவை அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

உழைக்க மனமில்லாதவர் யாருமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்டவர் பகலிலும் தவறவிடுவார், நல்ல மேசையிலும் தவறவிடுவார். வெளிச்சத்தையும் நாற்காலியையும் நேரத்தையும் சரி செய்த பிறகுதான் அவர் யார் என்று தெரியும். கேமராவைப் பொறுத்தவரை, மேலிடம் வைத்தே தீர்வோம் என்றால், ஆளைப் பார்க்காமல் பலகையைப் பார்க்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். பழுது எப்படித் தப்பியது என்று அந்தத் தொழிலாளியையே பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்ட அது உதவும்.

மணிக் கணக்கும், மேசை வாரியான வெளிச்ச அளவும், அட்டைப் படங்களும் கையில் வந்த பிறகு மேலாளரைப் பாருங்கள். அதுவரை, ஒரு மாதமாவது, அந்த மூன்று கடிதங்களும் உங்கள் மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும்.